முன்னாள் படைவீரருக்கு ஆலோசகர்: பட்டாளமா, பட்டமா?

பழைய சேப்பர்:
எங்கள் தாலுகா முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு மனு தயாராகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓர் உளவள ஆலோசகர் வேண்டும், அந்த இடம் பட்டாளத்தில் இருந்தவருக்கே தரப்பட வேண்டும், அவருக்கு ஆறு மாதப் பயிற்சி போதும் என்று கேட்கிறோம். எழுதியவன் நான்தான். கையெழுத்து வாங்கக் கிளம்பும் முன், திட்டுகிறவர்கள் இங்கேயே திட்டிவிடட்டும் என்று போடுகிறேன்.

என்னோடு ஒரே யூனிட்டில் இருந்த ஒருவரைச் சென்ற ஆண்டு ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தூக்கமில்லை, குடி கூடிவிட்டது, மனைவி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆலோசகராக இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒன்பது கேள்விகள் அச்சிட்ட தாள். ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்று தொடங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். தலை நிமிரவே இல்லை. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா என்பது. நம் ஆள் முதுகை நிமிர்த்திக்கொண்டு ‘இல்லை மேடம்’ என்றார். அதிகாரி கேட்டால் சிப்பாய் வேறு என்ன சொல்வான்? தாளில் பூஜ்யம் விழுந்தது. வெளியே வந்து டீக்கடையில் என்னிடம் அவர் சொன்னது வேறு. அதை இங்கே எழுத மாட்டேன்.

மருதாணி:
ஐயா, நான் மருத்துவ உளவியலர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவள். அந்தப் பெண்ணுக்காகப் பேச வரவில்லை. அந்தத் தாளின் பெயர் பிஎச்கியூ-9, மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். அதில் குற்றமில்லை, அதைப் பிடித்திருந்த கைக்குப் பயிற்சி போதவில்லை. ஒன்பதாவது கேள்வி வரும்போது தாளைக் கீழே வைக்க வேண்டும். ‘இந்த மாதிரி நாட்களில் பலருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது, உங்களுக்கு?’ என்று கேட்க வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, வங்கியில் துப்பாக்கிக் காவலராக இருக்கிறாரா, லைசென்ஸ் துப்பாக்கி யார் பொறுப்பில் இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வர முடியாது. பக்கத்தில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து, முடிந்த பிறகு ‘இங்கே அவசரப்பட்டாய்’ என்று சொன்னால்தான் வரும். எனக்கு எம்.ஃபில். இரண்டு ஆண்டும் அப்படித்தான் போயிற்று.

உங்கள் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு சோதனை வைக்கிறேன். தினமும் குடிக்கிறவர் ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, சுவரில் ஆள் நிற்பதாகச் சொல்கிறார். எல்லையில் பார்த்தது திரும்ப வருகிறது என்று நினைத்து இரவெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அது நினைவல்ல. குடி நின்றதால் வரும் ஜன்னி. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் உயிர் போகலாம்.

பழைய சேப்பர்:
குடியை நிறுத்தி நடுங்கிய ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன் அம்மா. ஆனாலும் சொன்னது பயனுள்ளது, குறித்துக்கொண்டேன். என் கேள்வி வேறு. எம்.ஃபில். படித்தவர்கள் எங்கள் தாலுகாவில் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளம். அப்படிப்பட்ட ஊர்களுக்கு நீங்கள் எப்போது வரப்போகிறீர்கள்? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வரிசையில் நிற்கிறவர், ‘மனசு சரியில்லை’ என்று சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் பட்டணம் போவாரா? அமெரிக்காவிலேயே 2012-இல் ஒபாமா உத்தரவு போட்டு, முன்னாள் வீரர்களுக்குத் துணையாக முன்னாள் வீரர்களையே 800 பேர் எடுக்கச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?

மருதாணி:
அதே உத்தரவின் அடுத்த பாதியையும் படியுங்கள் ஐயா. 800 சக வீரர்களோடு 1,600 மனநல வல்லுநர்களையும் எடுக்கச் சொன்னார். இரண்டு மடங்கு! அந்தச் சக வீரர்கள் சிகிச்சை தருவதில்லை. தாங்களே மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள், சான்றிதழ் பெற்றவர்கள், மேற்பார்வையில் வேலை செய்கிறவர்கள். உங்கள் மனுவில் மேற்பார்வை என்ற சொல் எங்கே இருக்கிறது? யார் வேண்டுமானாலும் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ளும் நாட்டில், 2021-இல் வந்த துணைமருத்துவத் தொழில் சட்டம்தான் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வருவதே ஆமை வேகம். அதற்குள் நீங்கள் புதுக் கதவு ஒன்றைத் திறக்கிறீர்கள்.

கண்மாய்க்கரை:
நடுவில் நுழைகிறேன். என் அப்பா நாயக்காக ஓய்வு பெற்றவர். அவரைப் பார்க்க ஒரு சுபேதார் வந்தார், நாயக்கைவிடப் பல படி மேலே உள்ள பதவி. நல்ல மனிதர், தாமாகவே வந்தார், காசு எதிர்பார்க்கவில்லை. அவர் வாசலில் தெரிந்ததும் அப்பா எழுந்து நின்றார். முட்டி வலியோடு, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, அட்டென்ஷனில். ஒரு மணி நேரமும் ‘ஜி சாப்’ தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் ‘இல்லை மேடம்’. இங்கே ‘ஜி சாப்’. சேப்பர் அண்ணா, பட்டாளத்தில் இருந்தவர் என்றால் சமமாகிவிடுவார் என்று யார் சொன்னது?

அடுத்த வாரம் ராணுவக் கேன்டீன் வரிசையில் இரண்டு பேர் அம்மாவிடம் ‘வீட்டில் அவருக்கு இப்போது பரவாயில்லையா’ என்று கேட்டார்கள். சுபேதார் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். 2017 மனநலச் சட்டத்தில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்று இருக்கிறது. அது அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தானே தெரியும்? அப்பா அதன் பிறகு கேன்டீனுக்கே போவதில்லை.

பழைய சேப்பர்:
நானும் சுபேதாராகத்தான் வெளியே வந்தேன் தங்கை. பதில் எழுத இரண்டு நாள் ஆனது அதனால்தான்.

அக்னிவீரன் அண்ணன்:
எல்லோரும் ஐம்பது வயதுக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான்கு ஆண்டுக்கு மட்டும் பட்டாளத்தில் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் முதல் தொகுதி 2022 கடைசியில் போனது. 2026 கடைசியில் நான்கு ஆண்டு முடிகிறது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் உள்ளே இருப்பார்கள். மற்றவர்கள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஊருக்கு வருவார்கள், கையில் சேவா நிதி என்று மொத்தமாகத் தரும் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு. அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததுதான். என் தம்பி அதில் ஒருவன். அவன் பணத்துக்கு எங்கள் மாமா ஏற்கெனவே மனை பார்த்துவிட்டார்!

திட்டத்தின் விதிப்படி அவனுக்கு முன்னாள் படைவீரர் தகுதி இல்லை. கேன்டீன் இல்லை, ஈசிஎச்எஸ் இல்லை. ஐயா கேட்கும் ஆலோசகர் நல அலுவலகத்தில் உட்கார்ந்தால், என் தம்பிக்கு அந்த நாற்காலியில் இடம் உண்டா?

ஓய்வு பெற்ற எழுத்தர்:
நான் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இருந்தவன். தம்பி எங்கள் பக்கம் வரட்டும். ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், எங்களுக்கும் இதற்குப் பயிற்சி கிடையாது. பட்டாளம் என்றதும் எங்கள் கை தானாக செக்யூரிட்டி, டெக்ஸ்கோ (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம்), சிஐஎஸ்எஃப் (மத்திய தொழிற்பாதுகாப்புப் படை) என்று எழுதும். ஒருமுறை பதினேழு ஆண்டு சர்வீஸ் முடித்த ஒருவர் வந்தார். என்ன வேலை பார்த்தீர்கள் என்றேன். ‘ஸ்டோரில் இருந்தேன்’ என்று ஒரே வரி. பதிவேட்டில் ‘காவலாளி’ என்று போட்டுவிட்டேன். அவர் கிளம்பும்போது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, லே பக்கம் குளிர்காலம் முழுவதும் ஒரு முகாமுக்கு வேண்டிய டீசல், ரேஷன், உதிரிபாகங்கள் எல்லாம் அவர் கணக்கில் இருந்திருக்கின்றன. பனியில் பாதை அடைபட்டால் என்ன தீரும், எத்தனை நாளில் தீரும் என்பது அவருக்கு மனப்பாடம். கிடங்கு மேலாளர் வேலைக்கு ஆள் தேடுகிறவன் அப்படி ஒருவரைத்தான் தேடுகிறான். பதிவேட்டில் அடித்துத் திருத்தினேன்.

எனவே பயிற்சி என்றால் எனக்கு முதலில் இதுதான்: பட்டாளத்தில் செய்ததை வெளியே இருக்கிற வேலையின் சொல்லாக மாற்றத் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்போடு போன பையனுக்குத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று கிடைக்கும் என்பது தெரிய வேண்டும். எந்த வேலை பொருந்தும் என்று பார்க்கும் ஹாலண்டின் ஆறு வகை ஆளுமைப் பட்டியலைக் கையில் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வது அப்புறம். மருதாணி அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது, வேலை தேடி வருகிறவனை உடனே நோயாளியாகப் பார்க்க வேண்டாம்.

மருதாணி:
கோபமில்லை, ஆனால் ஒப்பவும் மாட்டேன். நான்கு ஆண்டுகளாக மணி அடித்தால் எழுந்து, சொன்னால் சாப்பிட்டு, பெயருக்குப் பின்னால் எண்ணோடு வாழ்ந்த பையன் ஒரு நாள் காலையில் எழுந்து ‘இன்று என்ன’ என்று கேட்கிறான். நூற்றில் 75 பேரோடு தானும் வேண்டாம் என்று விடப்பட்டவன் என்ற எண்ணம் வேறு. உங்கள் மேசைக்கு வருகிறவன் வேலைதான் கேட்பான். மூன்று நேர்காணலுக்கு அனுப்பியும் போகாமல் இருந்தால், சோம்பேறி என்று எழுதுவீர்களா, தூக்கம் எப்படி என்று கேட்பீர்களா? இரண்டாவது கேள்வியைக் கேட்கவும், எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் உங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சி வேண்டும். இரவில் என்றால் 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி. அந்த எண்கூட எத்தனை வேலைவாய்ப்பு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது?

ஓய்வு பெற்ற எழுத்தர்:
எங்கள் சுவரில் ஒட்டியதில்லை. ஆனால் நேர்காணலுக்குப் போகாததற்கு பஸ் செலவுக்குக் காசில்லை என்பதும் காரணமாக இருக்கும் அம்மா. பெரும்பாலும் அதுதான்.

பழைய சேப்பர்:
மனுவைத் திருத்திவிட்டேன். ‘ஆறு மாதப் பயிற்சி போதும்’ என்ற வரியை அடித்தேன். ‘மாவட்ட மனநலத் திட்ட உளவியலரின் வாராந்திர மேற்பார்வையில், குறைந்தது ஓர் ஆண்டு’ என்று எழுதியிருக்கிறேன். தன் கீழ் வேலை பார்த்தவருக்கோ தன் ஊர்க்காரருக்கோ ஆலோசனை தரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன், கண்மாய்க்கரை தங்கைக்காக. அக்னிவீரர்களுக்கும் அந்த அறை திறந்திருக்க வேண்டும் என்பது கடைசி வரி.

‘பட்டாளத்தில் இருந்தவருக்கே’ என்பதை மட்டும் அடிக்க மாட்டேன். டீக்கடையில் என்னிடம் வந்த வார்த்தை அந்த அறையில் வரவில்லை. நான் காதால் கேட்டது அது.

மருதாணி:
மற்றதெல்லாம் நல்ல திருத்தம் ஐயா, மனமார. ஆனால் அந்த ‘ஏ’காரம் இருக்கும் வரை என் கையெழுத்து இல்லை. ‘முன்னுரிமை’ என்று மாற்றுங்கள், இன்றே போடுகிறேன். அப்புறம், அந்த டீக்கடை நண்பர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பழைய சேப்பர்:
தினமும் சாயங்காலம் என்னோடு நடக்கிறார். மருந்தும் எடுக்கிறார், வேறு ஒரு டாக்டரிடம். மனுவைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். ‘ஏ’காரம் இருக்கிறது.