அப்பாவுக்கு ஹார்ட் வீக், தெனம் குளுக்கோஸ் கரைச்சுக் குடுக்கலாமா?

உசிலம்பட்டிப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பாவுக்கு 63 வயசு, பரவை மார்க்கெட்டுல முப்பது வருசமா மூட்டை தூக்குனவரு, சுகர் 12 வருசமா இருக்கு, போன மாசம் ராத்திரி படுக்க முடியாம மூச்சு எளைச்சு அட்மிட் பண்ணி எக்கோ எடுத்ததுல ஈஎஃப், அதாவது இதயம் ஒரு துடிப்புல வெளிய தள்ளுற ரத்தத்தோட அளவு, 35 சதவீதம்ன்டு வந்துச்சு. எங்க வீட்டு மாடிப்படி பதினாலு படி, ஏழாவது படியில செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, நான் பாக்குறேன்னு தெரிஞ்சா செவுத்துல கறை தொடைக்கிற மாதிரி கைய நகட்டுறாரு, பாக்கவே சங்கட்டமா இருக்கு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் "இதயத்துக்கு எனர்ஜி பத்தல"ன்டு சொன்னாரு, பின்னாடி ஆளுக நின்டதால மேக்கொண்டு கேக்க முடியல. அதக் கேட்டுட்டு அத்தை ஆரஞ்சு குளுக்கோஸ் பவுடர் ரெண்டு பாக்கெட் வாங்கியாந்து தெனம் ஒரு டம்ளர் குடு, தெம்பு ஏறும்ங்குறாக. இதயம் உண்மையிலயே எதுல ஓடுது, சக்கரையிலயா? இன்னொன்னு, டாபாகிளிஃப்ளோசின் 10ன்டு ஒரு மாத்திரை ஹார்ட்டுக்குன்னு எழுதிருக்காக, கடையில இது சுகர் மாத்திரைங்குறாக. மாத்தி எழுதிட்டாகளா?

திருநகர் டீச்சர்:
தம்பி, நான் நர்சிங் பிள்ளைங்களுக்கு பிசியாலஜி எடுக்குறேன். மொதல்ல அந்த பாக்கெட்ட எடுத்து உள்ள வைங்க, அத்தை மனசு நோகாமச் சொல்லிக்கலாம். லோ சுகர் ஆச்சுன்னா குடுக்க ஒண்ணு கையில இருக்கட்டும், தெனம் வேண்டாம்.

நல்லா இருக்குற இதயம் பெரும்பாலும் கொழுப்புலதான் ஓடுது, 60லேருந்து 70 சதவீதம் வரைக்கும் கொழுப்பு அமிலம், மிச்சம் சக்கரை, லாக்டேட் (தசை வேலை செய்றப்ப சக்கரையிலேருந்து வர்றது), கொஞ்சம் கீட்டோன் (கொழுப்பு ஒடைஞ்சு ஈரல்ல உண்டாகுறது). இதயத்துக்கு இதுதான் வேணும்னு கிடையாது, சாப்ட கையோட சக்கரைய எரிக்கும், வெறும் வயித்துல கொழுப்ப எரிக்கும், உங்கப்பா மூட்டை தூக்குன காலத்துல கால் தசை ரத்தத்துல தள்ளிவிட்ட லாக்டேட்ட இதயம் வாங்கி எரிச்சிருக்கும். எத எரிச்சாலும் அதுலேருந்து ஏடிபி, அதாவது செல்லு செலவழிக்கிற சக்தி மூலக்கூறு, உண்டானாத்தான் தசை சுருங்கும். இதயமே 300 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்க அது உண்டாக்கிச் செலவழிக்கிற ஏடிபி ஏறக்குறைய 6 கிலோ, கையிருப்போ சில செகண்டுக்குத்தான் காணும். அதனால நிக்காம ஆக்கிக்கிட்டே இருக்கணும், அதுக்குத்தான் இதய செல்லுல மூணுல ஒரு பங்கு இடத்த ஏடிபி ஆக்குற மிஷினான மைட்டோகாண்ட்ரியாவே பிடிச்சிருக்கு. கூடவே இன்னொரு நெருக்கடி, சும்மா உக்காந்திருக்கப்பவே வர்ற ரத்தத்துல இருக்குற ஆக்சிஜன்ல முக்காவாசிய இதயம் உறிஞ்சிருது, படி ஏறுறப்ப கூடுதலா வேணும்னா ரத்த ஓட்டத்தக் கூட்டுனாத்தான் உண்டு.

இப்ப உங்கப்பா விசயத்துக்கு வர்றேன். அவரு ரத்தத்துல சக்கரையும் இருக்கு கொழுப்பும் இருக்கு, எரிபொருளுக்குப் பஞ்சமே இல்ல. ரைஸ் மில்லு வாசல்ல நெல்லு அம்பாரமாக் கெடக்கு, உள்ள மிஷின்தான் பழுது. இதயம் பலவீனமாகுறப்ப மைட்டோகாண்ட்ரியா சரியா வேலை செய்யாது, முத்துன நிலையில ஏடிபி மூணுல ஒரு பங்கு வரைக்கும் கொறைஞ்சிரும், அத எடுத்துக் குடுக்குற கிரியேட்டின் பாஸ்பேட்டு அதுக்கும் முன்னாடியே எறங்கிரும். சுகர்காரங்களுக்கு இன்சுலின் சொல்றத இதயமும் சரியாக் கேக்காது, சக்கரை உள்ள போறது கொறைஞ்சு கொழுப்பையே எரிக்கும், கொழுப்புல அதே அளவு ஏடிபிக்கு ஆக்சிஜன் கூடச் செலவாகும். அப்ப மேக்கொண்டு குளுக்கோஸ ஊத்துனா ரத்தத்துல சுகர்தான் ஏறும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச ஒண்ணு, வயித்துல இருக்குற பிள்ளையோட இதயம் சக்கரையிலயும் லாக்டேட்டுலயும்தான் ஓடுது, பொறந்ததுக்கு அப்பறந்தான் கொழுப்புக்கு மாறுது, சோர்ந்துபோன இதயம் பல பேருக்குத் திரும்ப அந்த வழியப் பாத்துப் போகுது.

சிம்மக்கல் மருந்துக்கடை:
மாத்தி எழுதல தம்பி, சரியாத்தான் எழுதிருக்காக. சுகருக்கு வந்த மாத்திரைதான், மூத்திரம் வழியா சக்கரைய வெளிய விடும். 2019ல ஹார்ட் ஃபெயிலியர் இருக்குற 4,744 பேர வச்சு டாபாகிளிஃப்ளோசின் ஆய்வு வந்துச்சு, அதுல பாதிக்கு மேல சுகரே இல்லாதவங்க, இதயக் கோளாறுல சாகுறதும் ஃபெயிலியர் முத்துறதும் சேத்துப் பாத்தா 26 சதவீதம் கொறைஞ்சுச்சு. இத எடுத்தா கீட்டோன் லேசா ஏறும், சோர்ந்த இதயம் கீட்டோன நல்லா எரிக்கிறதால அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்ங்குறாக. ஆனா ஒண்ணு, எங்க மாமனாரு இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டே ஆடி வெள்ளிக்கு முழு விரதம் இருந்தாரு, மறுநா ஒரே வாந்தி, மூச்சு தஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குது, சுகர் 190தான், அதப் பாத்துட்டு நாங்களும் ஒண்ணும் இல்லன்டு அரை நாள விட்டுட்டோம். ரத்தத்துல கீட்டோன் எக்கச்சக்கமா ஏறி ஐசியூவுல மூணு நாள். விரதம், வாந்தி பேதி, ஆபரேசன் எதுன்னாலும் மாத்திரைய நிறுத்தணுமான்னு டாக்டர்ட்ட முன்கூட்டியே கேட்டுக்கங்க.

உசிலம்பட்டிப் பையன்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றிண்ணே, இம்புட்டு விளக்கமா யாருமே சொல்லல. அப்ப கீட்டோன் நல்லதுன்னா சோத்த நிப்பாட்டி பேலியோ மாதிரி ஆரம்பிச்சரலாமா? சித்தப்பா அதத்தான் சொல்றாப்ல.

திருநகர் டீச்சர்:
வேண்டவே வேண்டாம் தம்பி. அந்த மாத்திரையோட சோத்தையும் அடியோட நிப்பாட்டுனா, அண்ணன் மாமனாருக்கு வந்தது உங்கப்பாவுக்கும் வரலாம். அளவாச் சோறு, ஊறுகா அப்பளம் கருவாடு கெடையாது, தண்ணி டாக்டர் சொன்ன அளவு. படி ஏறுறப்ப நின்டு நின்டு பைய ஏறட்டும், நீங்க பாக்காத மாதிரி இருந்துக்கங்க. தெனம் வெள்ளன எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு, சாப்டுறதுக்கு முன்னாடி வெயிட் பாத்து எழுதுங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடுனா, கால்ல வீக்கம் தெரிஞ்சா, அன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க.

உசிலம்பட்டிப் பையன்:
சரிங்க டீச்சர். அத்தைட்ட மில்லுக் கதைய அப்படியே சொன்னேன், அவுக வீட்டுக்காரரு மில்லுல வேலை பாத்தவருதான், டக்குன்னு புரிஞ்சுக்கிட்டாக. இன்னைக்குக் காலையில எடை மிஷின் வாங்கியாந்தாச்சு, அப்பாவே ஏறி நின்டு சொன்னாரு, 61.4. அவரு மார்க்கெட்டுல கணக்கு எழுதுன பழைய நோட்டுலயே எழுதி வச்சிருக்கோம்.