யூபிஎஸ்ஸுக்கு ‘மின்தாங்கி’: கையேட்டுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

யூபிஎஸ்ஸைக் கண்காணித்து, கரண்ட் போனால் கணினிகளை ஒழுங்காக நிறுத்தும் மென்பொருளான நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸின் கையேட்டைத் தமிழாக்குவதில், இதுவரை ‘இயக்கி’யை (டிரைவர், அதாவது யூபிஎஸ்ஸோடு பேசும் நிரல்) பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உறுத்துவது ‘வழங்கி’. யூபிஎஸ்ஸை ‘தடையிலா மின்வழங்கி’ என்கிறோம், சர்வரையும் ‘வழங்கி’ என்கிறோம். தனித்தனியே இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் நம் வரைவில், “வழங்கிகள் நின்றபின் முதன்மை வழங்கி நின்று, இறுதியில் மின்வழங்கி நிற்கும்” என்று ஒரு வரி இருக்கிறது. கரண்ட் போன நேரத்தில் அவசரமாகக் கையேட்டைப் புரட்டுகிறவருக்கு இது என்ன புரியும்?

அந்த இடத்தில் வரிசைதான் உயிர். கரண்ட் போய் பேட்டரியும் தீரப்போகிறது என்ற தகவல் இயக்கி வழியாக வந்ததும், யூபிஎஸ்ஸைக் கவனித்துக்கொள்ளும் முதன்மைக் கணினி எல்லோருக்கும் ‘நிறுத்துங்கள்’ என்று அறிவிக்கிறது. அதே யூபிஎஸ்ஸில் ஓடும் துணைக் கணினிகள் வேலையைச் சேமித்து இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். அதற்கு முதன்மைக் கணினி 15 விநாடி வரை காத்திருக்கும். மாற்றாவிட்டால் அதுதான் அளவு. பிறகு அது தன்னை நிறுத்திக்கொள்கிறது. யூபிஎஸ் அணைவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். இதைத் தலைகீழாகப் படித்து யூபிஎஸ்ஸை முதலில் அணைத்துவிட்டால், சேமிக்காத கோப்புகளோடு எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் விழும். ஐப்பசி மழையிலும் ஆனி, ஆடிக் காற்றிலும் அடிக்கடி கரண்ட் போகும் வள்ளியூர், பணகுடிப் பக்கத்துப் பள்ளி ஆய்வகங்களில் இதைப் படிக்கப்போகிறவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அதனால் யூபிஎஸ்ஸுக்கு ‘மின்தாங்கி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கடையில் யூபிஎஸ் வாங்கப் போனால் நம் ஆட்கள் முதலில் கேட்பது “எவ்வளவு நேரம் தாங்கும்?” என்றுதான். சொல் ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கிறது. பேட்டரி இன்னும் எத்தனை விநாடி ஓடும் என்று இயக்கி தருகிற மதிப்புக்கு ‘தாங்கும் நேரம்’ என்ற பெயரும் தானாகவே அமைந்துவிடுகிறது. லோடு என்பதற்கு ‘சுமை’ என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம். நம் சீமையின் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் போல, தாங்கியும் சுமையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் விளக்கமே வேண்டியதில்லை.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி, மின்தேக்கியோடு குழம்பும் என்றீர்கள். ஒலி நெருக்கம் உண்மைதான். ஆனால் யூபிஎஸ்ஸைக் கணினியோடு அமைப்பதற்காக இந்தக் கையேட்டைப் படிக்கிறவருக்குக் கெப்பாசிட்டரைப் பற்றி நினைக்க வேண்டிய இடமே வராது. வழங்கியும் மின்வழங்கியுமோ பத்திக்குப் பத்தி மோதுகின்றன. இடிதாங்கி நினைவுக்கு வரும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, அதுவும் காக்கிற பொருள்தானே.

‘இயக்கி’யை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. அது யூபிஎஸ்ஸின் நிலையைக் கேட்டுச் சொல்வது மட்டும்தானே, ‘வாசிப்பி’ போதாதா என்று தங்கச்சி கேட்டிருந்தார். போதாதும்மா. கடைசியில் யூபிஎஸ்ஸை அணைக்கும் கட்டளையும் இயக்கி வழியாகத்தான் போகிறது. நம் பக்கத்தில் இயக்கி என்றால் இசக்கியம்மன் அல்லவா என்ற தயக்கமும் சிலருக்கு இருக்கிறது. ஊரைக் காக்கும் தெய்வத்தின் பெயர் காவல் வேலை பார்க்கும் நிரலுக்கு வருவதில் எனக்கு மனக்குறை இல்லை.

அப்புறம் ‘போர்ட்’. இதை எல்லா இடத்திலும் ‘துறை’ என்று போட்டுக்கொண்டு போக முடியாது. யூபிஎஸ் கேபிளில் நேராக இணைந்திருந்தால், அமைப்புக் கோப்பின் போர்ட் வரியில் அந்த இணைப்பின் பெயர் வரும். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்என்எம்பிக்குரிய இயக்கியை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும்போது அதே வரியில் யூபிஎஸ்ஸில் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டின் ஐபி முகவரியைத் தர வேண்டும். ‘துறை’ என்று படித்தவர் நெட்வொர்க் துறையின் எண்ணைக் கேட்கிறார்கள் என்று நினைத்து அங்கே 161 என்றோ 3493 என்றோ எழுதிவிடுவார். 161 எஸ்என்எம்பிக்கு உரிய துறை. 3493இல்தான் கண்காணிக்கும் கணினிகள் வழங்கியோடு பேசுகின்றன. இரண்டும் உண்மையான துறைகள் என்பதால்தான் தவறு நடப்பது இன்னும் எளிது. கோப்பில் உள்ள சொல்லை அப்படியே விட்டுவிட்டு, விளக்கத்தில் ‘இணைப்பிடம்’ என்று எழுதலாம்.

முதன்மை, துணை இரண்டும் இருக்கட்டும். 2022இல் வந்த 2.8.0 பதிப்பிலேயே மூலத்தில் மாஸ்டர், ஸ்லேவ் போய் பிரைமரி, செகண்டரி வந்துவிட்டன, நம் சொற்கள் அவற்றுக்குச் சரியாகப் பொருந்துகின்றன.

மின்தாங்கிக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். முக்கியமாக, அதை அந்த நிறுத்தும் வரிசைப் பத்தியில் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒத்துக்கொண்டால் அந்தப் பத்தியை நானே முதலில் திருத்தி அனுப்புகிறேன்.