எக்ஸிகியூட்டிவ் கோச்சிங்: கட்டணத்தோடு 57 மணி நேரம் எப்படிச் சேர்ப்பது?

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி 7 ஆண்டுகள் உற்பத்தி மேனேஜர். போன ஆண்டு மார்ச்சில் அதை விட்டுவிட்டுத் தலைமைத்துவக் கோச்சிங்கில் இறங்கினேன்; மேலாளர்களோடு தனித்தனியாகப் பேசி, அவர்களே வழி காண உதவும் வேலை.

ஐசிஎஃப் என்ற சர்வதேசக் கோச்சிங் அமைப்பின் முதல் நிலைச் சான்றிதழான ஏசிசிக்கு 60 மணி நேரப் பயிற்சி, 10 மணி நேர மென்டர் கோச்சிங் (அனுபவமுள்ள கோச்சிடம் பெறும் வழிகாட்டல்) இரண்டும் முடிந்தன. மாட்டிக்கொண்டது அடுத்ததில். 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், அதில் 75 கட்டணம் வாங்கியதாக இருக்க வேண்டும். என் நோட்டில் 64 மணி இருக்கிறது; பணம் வந்தது 18 மணிக்குத்தான். கட்டணத்தோடு இன்னும் 57 வேண்டும்.

பழைய சக ஊழியர்களைக் கேட்டேன், இலவசமென்றால் வருகிறார்கள். லிங்க்ட்இன்னில் எட்டு மாதமாக எழுதுகிறேன், ஒரே ஒருவர் வந்தார். கம்பெனி எச்ஆர்களைப் பார்த்தால் முதல் கேள்வியே, "எச்ஆர்டி லெவியில் கிளேம் பண்ண முடியுமா?" ஊழியர் பயிற்சிக்காகக் கம்பெனிகள் கட்டும் நிதி அது. அதற்காக டிடிடி என்ற பயிற்றுநர் சான்றிதழும் எடுத்தேன். ஆனால் அவர்கள் கேட்பது 25 பேருக்கு இரண்டு நாள் வகுப்பு, தனி ஆளுக்கு அல்ல.

வேலை பிடிக்காமல் இல்லை. போன வாரம் ஒரு சூப்பர்வைசர் தே தாரிக் ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "என் டீம் என்னைப் பார்த்துப் பயப்படுகிறது" என்றார். அதற்காகவே இதை விட மனமில்லை. சேமிப்பு இன்னும் ஐந்து மாதம் தாங்கும்.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ கோச்சாக இருப்பவர்களே, கட்டணம் தரும் முதல் சில வாடிக்கையாளர்கள் உங்களுக்கு எந்த வழியில் கிடைத்தார்கள்?