ஜன்னலோரம் பியானோ வைக்கலாமா?

மாடிவீட்டுக்காரன்: சென்னையில் மேற்கு பார்த்த ஹால். பழைய அப்ரைட் பியானோ ஜன்னலை ஒட்டி இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக மூடி மேலேயே விழுகிறது. மேலே விரித்திருந்த துணியை எடுத்தால் அது இருந்த இடம் மட்டும் கருப்பாக, சுற்றிலும் வெளுத்துக் கிடக்கிறது. சுதியும் நிற்பதில்லை. இடம் மாற்றணுமா?

ரீங்காரம்: உடனே மாற்றுங்கள். வெளுத்தது போகட்டும், உள்ளே தந்தியின் ஒலியைப் பெருக்கித் தரும் பலகை, அதாவது சவுண்ட்போர்டு, ஸ்ப்ரூஸ் மரம். ஈரம் ஏறினால் உப்பிச் சுதி கூடும், காய்ந்தால் இறங்கும், ரொம்பக் காய்ந்தால் விரிசல்தான். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிலையாக இருந்தால் நல்லது, நம்ம ஊரில் அது கஷ்டம்.

மாடிவீட்டுக்காரன்: சரி, அப்போ ஏசிக்குக் கீழே?

பழையகட்டை: ஐயோ வேண்டாம்! ராத்திரி ஏசி, பகலில் கடல்காற்று என்று வைத்து நான் பட்டது போதும், நாலு கட்டை அழுத்தினால் எழும்பவே இல்லை. உள்சுவர் ஓரமாக, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து ட்யூனரைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே வேண்டாம்.