சிசி, பிசிசி: என்ன வித்தியாசம்?

கேள்வி: குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர்த் தொட்டி அறிவிப்பை 42 வீடுகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மூன்று பேர் வருத்தப்பட்டார்கள், எனக்கும் மனசு கேட்கவில்லை. பிசிசி என்றால் என்ன?

பதில்: ஐயா, தட்டச்சு செய்யும்போது இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் தாள் வைப்போமே, அந்தக் கார்பன் காப்பிதான் சிசி. மின்னஞ்சலில் சிசியில் போடும் முகவரிகள் எல்லாருக்கும் தெரியும். பிசிசியில் 'பி' என்பது பிளைண்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாதது. அதில் போடும் முகவரிகள் மற்றவர் கண்ணில் படாது. 'டு' என்ற இடத்தில் உங்கள் முகவரியையே போட்டு, 42 முகவரிகளையும் பிசிசியில் போடுங்கள்.

கேட்டவர்: கார்பன் தாளா! விரலில் ஒட்டும் அந்த நீல மை இன்னும் நினைவிருக்கிறது. சரி, ஒருவர் 'ரிப்ளை ஆல்' (எல்லாருக்கும் பதில்) அழுத்தினால்?

இன்னொரு பதில்: பிசிசியில் உள்ள மற்றவர்களுக்குப் போகாது. உங்களுக்கு மட்டும்தான் வரும். முதலில் வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்பிப் பாருங்கள்.