குலசாமி துணை (குடும்பக் குழு), வெள்ளி இரவு

சித்தப்பா: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு வேன் சொல்லணும். எத்தனை தலை?

அம்மா: நாங்க 3. பாப்பாவுக்கு திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி காலாண்டு. வருவாளான்னு தெரியல

அத்தை: மாமன் மக வராம எப்படி அண்ணி

பாப்பா: பெரியப்பா ஒரு டவுட். தனிம அட்டவணையில இடமிருந்து வலம் போனா அயனியாக்கும் ஆற்றல், அதான் அணுவுல இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், கூடும்னு புக்ல இருக்கு. அப்ப ஆக்சிஜனுக்கு ஏன் நைட்ரஜனை விடக் கம்மி?

சித்தப்பா: போச்சு. அண்ணன்கிட்டயே கேட்டுட்டா

பெரியப்பா: நல்ல கேள்விடா. மனப்பாடம் பண்ணாதே, படம் போட்டுப் பாரு. லித்தியத்துல இருந்து நியான் வரைக்கும் புது எலக்ட்ரான் எல்லாம் ஒரே கூட்டுலதான் சேருது. உட்கருவுல புரோட்டான் 3-ல இருந்து 10 ஆயிடுது. இழுப்பு கூடும், அணு சுருங்கும், எலக்ட்ரானைப் பிடுங்கறது கஷ்டம். லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல் போதும். நியானுக்கு 2081!

அத்தை: அண்ணே, யார் மடியில உட்கார வைக்கறதுன்னு சொல்லவே இல்லையே

சித்தப்பா: மூத்தவனுக்கு அண்ணன் உட்கார்ந்தாச்சு. இவனுக்கு நான்னு அப்பவே பேசினது

அம்மா: நடுவுல ஒருத்தர் இருக்காரு

அத்தை: 🙏

பெரியப்பா: இரும்மா, இதை முடிச்சுடறேன். நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314. நைட்ரஜன்ல மூணு 2பி ஆர்பிட்டால்லயும் (ரெண்டாவது கூட்டுல எலக்ட்ரான் இருக்கற அறைங்க) ஒண்ணு ஒண்ணு. சரிபாதி. ஆக்சிஜனோட நாலாவது 2பி எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கற ஆர்பிட்டால்ல போய் உட்காரணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும், அதான் சுலபமாக் கழலுது. பெரிலியம் 899, போரான் 801. அந்த இறக்கத்துக்குக் காரணம் வேற. போரானோட கடைசி எலக்ட்ரான் 2பி-ல இருக்கு, அது பெரிலியத்தோட கடைசி எலக்ட்ரான் இருக்கற 2எஸ்-ஐ விட ஆற்றல் கூடுதலான இடம். ரெண்டுக்கும் ஒரே காரணம் எழுதி மார்க்கை விட்டவங்க எத்தனையோ பேரு, நான் திருத்தின பேப்பர்லயே

பாப்பா: அட்டவணையில ஒரு தொகுதியில மேல இருந்து கீழ போனா?

பெரியப்பா: கூடுகளோட எண்ணிக்கை ஏறும், பிடி தளரும். சோடியம் 496, பொட்டாசியம் 419. தண்ணியில போட்டா சோடியம் உருண்டு ஓடும், பொட்டாசியம் ஊதா நிறத்துல பத்திக்கும்

சித்தப்பா: லேப்ல காட்டினீங்கண்ணே. எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு

பாட்டி: 🎤 0:42

அத்தை: அம்மா என்ன சொல்றாங்க? பெரியவனா சின்னவனா?

சித்தப்பா: டிவி சத்தம்தான் கேக்குது. வேனுக்கு 17 சொல்லிடவா

அம்மா: 16. இல்ல இருங்க

பெரியப்பா: பாப்பா, வேன்ல என் பக்கத்துல உட்காரு. எலக்ட்ரான் நாட்டத்துல (அணு ஒரு எலக்ட்ரானைச் சேர்த்துக்கறப்ப வெளிய விடற ஆற்றல்) ஃப்ளூரினை குளோரின் முந்தற கதை பாக்கி இருக்கு

பாப்பா: அம்மா நான் வரவா?

அம்மா: அப்பா வரட்டும்