ஆச்சியின் புரோநோட்டும் 6,000 ரூபாய் கோர்ட் ஃபீயும்

பலகாரம் சுட்டுச் சேர்த்த பணம் அது. காரைக்குடியில் எங்கள் தெரு ஆச்சி, கல்யாண வீடுகளுக்குத் தேன்குழலும் மாவுருண்டையும் போட்டுக் கொடுத்துச் சேர்த்த 2 லட்சத்தை உறவுக்காரர் ஒருவரிடம் புரோநோட்டு (பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்ட கடன் சீட்டு) வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தார். அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. என்னிடம் சொன்னபோது நோட்டுக்கு மூன்று வருடம் முடிய 40 நாள்தான் பாக்கி. அதைத் தாண்டினால் நோட்டு காலாவதி.

ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனோம். வழக்குப் போட அரசுக்குக் கட்டும் கோர்ட் ஃபீ நூற்றுக்கு மூன்று, அதாவது 6,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. 2017-க்கு முன்னால் நூற்றுக்கு ஏழரை, 15,000 ஆகியிருக்கும் என்று ஆறுதல் வேறு சொன்னார்கள். ஆச்சி பேசவில்லை. படியிறங்கும்போதே தோட்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "அடகு வச்சிட்டு வந்துருவோம் தம்பி."

இலவச சட்ட உதவி என்று ஒன்று இருப்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தோட்டின் திருகில் கை வைக்கவே வேண்டியிருந்திருக்காது.

தற்செயலாக ஒரு நண்பர் சொல்லித்தான் இந்த இலவச உதவியைத் தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். வெள்ளைத் தாளில் மனு, ஆதார் நகல், நோட்டு நகல், அவ்வளவுதான் கேட்டார்கள். வக்கீலை அவர்களே போட்டார்கள். கோர்ட் ஃபீ, பேட்டா (சம்மன் அனுப்பும் செலவு) எதற்கும் ஆச்சி காசு எடுக்கவில்லை. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பிராது (வழக்கு மனு) தாக்கலானது. பிறகு, இரு தரப்பும் சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) மூன்று தவணையில் தருவதாக அந்த உறவுக்காரர் கையெழுத்துப் போட்டார். அங்கே ஆகும் தீர்வு கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அப்பீலும் கிடையாது.

நம் பக்கத்தில் பெரிய தொகை வழக்குகளுக்குக் குறைச்சலில்லை. 1 கோடிக்குப் பண வழக்குப் போடுகிறவர் 3 லட்சம் கோர்ட் ஃபீ கட்டுகிறார். அது அரசின் பொது வருவாயோடு கலந்துவிடுகிறது. கேரளத்தில் கூடுதல் கோர்ட் ஃபீ வாங்கி, சட்ட உதவிக்கும் வக்கீல்களின் நலனுக்கும் என்றே தனி நிதி வைத்திருக்கிறார்கள். இங்கே புதிதாகக் கூட்டவே வேண்டாம். வாங்குகிற மூன்று ரூபாயில் கால் ரூபாயை இந்தக் குழுக்களுக்கென்று ஒதுக்கினால், ஒவ்வொரு ஊரிலும் நல்ல வக்கீலுக்குக் கௌரவமான ஃபீஸ் கொடுக்கலாம். இப்போது கொடுப்பது மிகக் குறைவு என்று ஆச்சியின் வக்கீலே வருத்தப்பட்டார்.

இதைப் படித்துக் குன்றக்குடி பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியது:
என் அப்பா, கோர்ட் ஃபீ கட்ட வசதியில்லாதவர் போடும் பாப்பர் மனுதான் போட்டார். வசதியில்லை என்று நிரூபிக்கவே எட்டு மாதம். வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது என்பதுவரை விசாரித்தார்கள். வெளித்திண்ணையில் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. இந்த மாதிரிக் குழு இருப்பது தெரிந்திருந்தால் அங்கேதான் போயிருப்போம்.

தேவகோட்டையிலிருந்து இன்னொருவர் எழுதியது:
கையிலிருந்து ஃபீ கட்டியவர்களுக்கு ஒரு விஷயம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும், அதே 1987 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. எனக்கு 9,000 ரூபாய் வந்தது. தீர்வு நகல் வாங்கும்போதே கேளுங்கள், நான் கேட்காமல் விட்டு மறுபடி அலைந்தேன். சட்ட உதவிக்கு 15100-க்கும் போன் பண்ணலாம். ஆச்சிக்குக் கடைசித் தவணை வந்ததா?